தலையில் தட்டும் கூரைத்துணி

25 வயதான ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சின் இன்னும் சீறுகிறது; உள்கூரைத் துணிதான் நனைந்த பந்தல் மாதிரி தொங்கி, பின்னால் வரும் வண்டியை மறைக்கிறது. துணிக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய பாலியூரித்தேன் ஃபோம் சூட்டிலும் ஈரத்திலும் மக்கிப் பொடியாகிவிடும். அந்தப் பொடி மேல் ஸ்ப்ரே பசை அடித்தால் எதில் ஒட்டும்? குண்டூசி குத்தி ஓட்டலாம், பார்க்கத்தான் சகிக்காது.

முறையாகச் செய்ய, துணி ஒட்டியிருக்கும் கூரை அட்டையைக் கழற்றி ஃபோமை முழுசாகத் தேய்த்தெடுக்க வேண்டும் (மாஸ்க் கட்டாயம்). அப்புறம் ஃபோம் வைத்த புதுத் துணி, சூடு தாங்கும் கான்டாக்ட் பசை. அட்டையிலும் துணியின் ஃபோம் பக்கத்திலும் அடித்து, லேசாகக் காயவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒட்டணும். இதைவிடப் பெரிய வேலை அட்டையை வெளியே எடுப்பதுதான். மடக்கினால் உடைந்துவிடும். நல்லவேளை, ஹேட்ச்பேக், பின்கதவு வழியாக வந்துவிடும். சனிக்கிழமை ஆரம்பிக்கிறேன். சாம்பல் நிறத் துணி எங்கே கிடைக்கும், சொல்லுங்கள்.