குட்னா ஹோரா நாட்குறிப்பு: ஊருக்குக் கீழே தொடங்கும் ஊர்

மே 12, 2025, திங்கள்

பிராக் முதன்மை ரயில் நிலையத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் குட்னா ஹோரா, செக் நாட்டின் பழைய வெள்ளிச் சுரங்க ஊர். நேரடி ரயில் இல்லாத வேளைகளில் கொலீனில் இறங்கி மாற வேண்டும். பலர் தடுமாறுவது அதற்குப் பிறகுதான். பெரிய ரயில்கள் நிற்கும் 'ஹ்லவ்னீ' (முதன்மை) நிலையம் பழைய ஊரில் இல்லை. சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி, செட்லெட்ஸ் பகுதியில் இருக்கிறது. கற்கள் பாவிய கோபுர ஊரை எதிர்பார்த்து வெளியே வருகிறவர்களை வரவேற்பது ஒரு சாதாரண நெடுஞ்சாலை. அதே நிலையத்திலிருந்து சிறிய ரயில் ஒன்று ஊருக்குள் இருக்கும் 'மெஸ்தோ' (நகரம்) நிலையத்துக்குப் போகிறது, பத்து நிமிடம்கூட ஆகாது. பிராகிலேயே 'குட்னா ஹோரா மெஸ்தோ' வரை டிக்கெட் எடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை. பெட்டியின் கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அழுத்த வேண்டும்.

திங்கட்கிழமை வந்து சேர்ந்தால் செட்லெட்ஸை முதலில் பார்த்துவிடலாம். ஊருக்குள் இருக்கும் வெள்ளி அருங்காட்சியகத்துக்கு இன்று விடுமுறை. குளிர்காலம் முழுக்கவும் அது மூடியிருக்கும். அருங்காட்சியகத்தின் வழியாகத்தான் பழைய வெள்ளிச் சுரங்கத்துக்குள் இறங்க முடியும் என்பதால், டிசம்பர் முதல் மார்ச் வரை வருகிறவர்களுக்குச் சுரங்கம் கிடைக்காது. பயணத் தேதியைக் குறிக்கும் முன்பே இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். சுரங்கத்தைப் பார்க்காமல் இந்த ஊரைப் பார்த்ததில் பாதிப் பயன்கூட இல்லை.

செட்லெட்ஸ் என்றதும் எல்லோரும் எலும்புத் தேவாலயத்தைத்தான் கேட்பார்கள். அதன் வாசலில் டிக்கெட் தருவதில்லை. சில நிமிட நடையில் உள்ள தகவல் மையத்தில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். பக்கத்துப் பெரிய தேவாலயத்துக்கும் சேர்த்தே டிக்கெட் கிடைக்கும். உள்ளே படம் எடுப்பது 2020 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. மண்டை ஓடுகளோடு செல்ஃபி எடுப்பது அளவுகடந்து போனதால் வந்த தடை இது, சரியான முடிவு. குறைந்தது 40,000 பேரின் எலும்புகள் அங்கே இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். வெளியே இன்றும் கல்லறைகள் இருக்கின்றன.

கதை 1142ல் நிறுவப்பட்ட சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவியரின் மடத்தில் தொடங்குகிறது. 13ஆம் நூற்றாண்டில் மடத்தின் தலைவர் புனித பூமியிலிருந்து கொஞ்சம் மண் கொண்டுவந்து இந்தக் கல்லறைத் தோட்டத்தில் தூவினார் என்பது வழிவழி வரும் செய்தி. அந்த மண்ணில் புதைபட வேண்டும் என்று தொலைதூரத்திலிருந்தும் ஆட்கள் விரும்பினார்கள். பஞ்சம், கொள்ளைநோய், சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸைப் பின்பற்றிய ஹுஸைட்டுகளின் போர் எல்லாம் சேர்ந்து இடத்தை நிரப்பின. தோண்டி எடுத்த எலும்புகளைக் கீழ்த்தளத்தில் அடுக்கினார்கள். இன்று நாம் பார்க்கும் சரவிளக்கும் மாலைகளும் ஷ்வார்ட்சன்பெர்க் பிரபுக் குடும்பம் அமர்த்திய ஃப்ரான்டிஷெக் ரின்ட் என்ற மரவேலைக் கலைஞர் 1870ல் செய்தவை. தன் பெயரையும் ஆண்டையும் அவர் எலும்பிலேயே சுவரில் பதித்திருக்கிறார். குடும்பச் சின்னத்தின் கீழ் மூலையில், ஒரு தலையின் கண்ணைக் கொத்தும் காக்கையைத் தேடிப் பாருங்கள். ஒரு சிறு எலும்பை அலகாக்கிய கையின் நிதானம் அதில் தெரியும்.

எலும்பைப் பார்த்த கையோடு பிராகுக்குத் திரும்பும் கூட்டம் மிகப் பெரியது. சாலைக்கு அந்தப் பக்கமுள்ள மரியன்னை தேவாலயத்தைக்கூடப் பலர் எட்டிப் பார்ப்பதில்லை. 1421ல் ஹுஸைட்டுகள் எரித்த கட்டடம் அது. ஏறத்தாழ 280 ஆண்டுகள் இடிபாடாகவே கிடந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் யான் சாந்தினி அதை எழுப்பியபோது, தன் காலத்துப் பரோக் பாணியைப் பழைய கோதிக் எலும்புக்கூட்டின் மேல் நீவிவிட்டார். உள்ளே தங்கப்பூச்சுக் கூச்சல் இல்லை. வெளிர் மஞ்சளும் வெள்ளையும் வெளிச்சமும்தான். நடுத்தூண் இல்லாமல் தன்னைத் தானே தாங்கி நிற்கும் சுழல் படிக்கட்டைத் தவறவிடாதீர்கள். மடத்தை 1783ல் பேரரசர் இரண்டாம் யோசஃப் மூடினார். 1812ல் அதே கட்டடங்களில் புகையிலை ஆலை வந்தது. ஆலை இன்றும் ஓடுகிறது.

மே 13, செவ்வாய்

ஹ்ராடெக். வெள்ளி அருங்காட்சியகம் இருக்கும் கோட்டை வீடு. இரண்டு சுற்றுகள் உண்டு. முதலாவது மேலே உள்ள காட்சிக்கூடம் மட்டும். இரண்டாவது சுரங்கத்துக்குள் போவது, சுமார் ஒன்றரை மணி நேரம். இரண்டாவதையே எடுங்கள். குழுவில் இடம் குறைவு என்பதால் முன்பதிவு அவசியம். கோடை வார இறுதியில் வாசலில் வந்து கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

தொப்பியோடு கூடிய வெள்ளை மேலங்கி, ஹெல்மெட், கையில் விளக்கு. இந்த வெள்ளை அங்கி வேடிக்கைக்காகத் தரப்படுவதல்ல. இடைக்காலச் சுரங்கத் தொழிலாளி இப்படித்தான் உடுத்தினான். கொழுப்பு விளக்கின் மங்கல் ஒளியில் முன்னால் போகிறவன் கண்ணில் பட வேண்டும். கீழே விழுந்து கிடந்தாலும் தெரிய வேண்டும். பின்புறம் கட்டிக்கொள்ளும் தோல் துண்டு, சரிவுகளில் உட்கார்ந்தபடி வழுக்கி இறங்க.

உள்ளே ஆண்டு முழுவதும் 12 டிகிரி. வெளியே வெயில் அடித்தாலும் கம்பளிச் சட்டை தேவை. பாதை சில இடங்களில் 40 சென்டிமீட்டர் அகலம்தான், உயரம் 120 சென்டிமீட்டர் வரை இறங்கும். தோள்பையை மேலேயே விட்டுவிட வேண்டும். தரை ஈரம், ரப்பர் அடி உள்ள காலணிதான் பிடிக்கும். மூடிய இடம் என்றால் மூச்சு முட்டுகிறவர்கள் வேண்டாம். நடுவில் மனம் மாறினால் முன்னாலும் பின்னாலும் ஆட்கள் நிற்பார்கள், திரும்புவது எளிதல்ல.

சுவரை விளக்கால் பக்கவாட்டில் தடவிப் பாருங்கள். நேராக அடித்த ஒளியில் வெறும் பாறைதான் தெரியும். சாய்வான ஒளியில் உளித் தழும்புகள் வரிவரியாக எழும். ஒரு கையில் காம்பு போட்ட இரும்பு உளி, மறு கையில் சுத்தி. உளியின் முனை சீக்கிரம் மழுங்கும் என்பதால் ஒருவன் ஒரு கட்டு உளிகளோடுதான் இறங்குவான், மாலையில் அவை கொல்லனிடம் போகும். பாறை மசியாத இடத்தில் விறகு அடுக்கித் தீ மூட்டுவார்கள். சூட்டில் பாறை விரிந்து பொருக்குப் பொருக்காகப் பிளக்கும். ஆனால் புகை வெளியேற வழி இருக்க வேண்டும். ஆழத்தில் அந்த வழி குறையக் குறைய அதன் ஆபத்தும் கூடியது.

நாம் போகும் பாதை ஆழமில்லாதது. ஊருக்கு அருகே இருந்த ஓசெல் சுரங்கம் 500 மீட்டரையும் தாண்டி இறங்கியது. ஏணி ஏணியாக அவ்வளவு இறங்கி, வேலை செய்து, மறுபடி ஏற வேண்டும். அத்தனை ஆழத்தில் முதல் எதிரி தண்ணீர். அதைத் தோல் பைகளில் மேலே இழுக்க 'ட்ரெய்வ்' என்ற மரப்பொறி இருந்தது. குதிரைகள் செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி வர, நடுத்தண்டில் கயிறு சுருண்டு ஏறும். ஹ்ராடெக்கில் முழு அளவில் ஒன்று நிற்கிறது. தண்டின் பருமனையும் பற்சக்கரம் இல்லாத எளிமையையும் கவனியுங்கள். பழுதானால் தச்சனே சரிசெய்துவிடலாம்.

மே 14, புதன்

காலையில் இத்தாலிய முற்றம், பழைய நாணயச்சாலை. கைடு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். செக் மொழிக் குழுவில் சேர்ந்தால் பிற மொழிகளில் எழுத்துக் குறிப்பு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

1300ல் பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டின் பெரும்பகுதி) மன்னன் இரண்டாம் வாட்ஸ்லாவ், நாட்டில் சிதறிக் கிடந்த நாணயப் பட்டறைகளை இங்கே ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தான். வழிகாட்ட இத்தாலியின் ஃபிளாரன்ஸிலிருந்து வல்லுநர்கள் வந்தார்கள், முற்றத்தின் பெயர் அதனால்தான். அதே காலத்தில் சுரங்கச் சட்டமும் எழுதப்பட்டது. யாருக்குத் தோண்டும் உரிமை, மன்னனின் பங்கு என்ன, வேலை நேரம், கூலி, காற்றோட்டம் என அது தொழிலின் உள்விவரங்கள் வரை போகிறது. இந்தச் சட்டம்தான் இந்த ஊரின் மிகப் பெரிய சாதனை என்பது என் எண்ணம். தேவாலயங்கள் அதற்குப் பிறகுதான்.

பிராக் கிரோஷ் என்ற வெள்ளி நாணயம் இங்கே அடிக்கப்பட்டது. ஒரு பக்கம் கிரீடம், மறுபக்கம் இரட்டை வால் சிங்கம். எடை மூன்றரை கிராமுக்குச் சற்று மேல். ஒரு கிரோஷுக்கு 12 சிறுகாசு, 60 கிரோஷ் ஒரு 'கோபா'. மத்திய ஐரோப்பா முழுவதும் இதை நம்பி வாங்கினார்கள். போகப்போக மன்னர்கள் செம்பைக் கூட்டினார்கள், மதிப்பு இறங்கியது. 1547 வரை அது ஓடியது.

சுரங்கக் கல் எப்படிக் காசானது? பொறுக்கிப் பிரித்து, இடித்து, கழுவி, வறுத்த கனிமத்தை ஈயத்தோடு சேர்த்து உருக்குவார்கள். வெள்ளியை ஈயம் தனக்குள் இழுத்துக்கொள்ளும். பிறகு சாம்பல் பூசிய படுகையில் வைத்துக் காற்றூதிப் புடம் போட்டால், ஈயம் ஆக்சைடாகிப் படுகைக்குள் இறங்கிவிடும், வெள்ளி மட்டும் தங்கும். காற்று குறைந்தாலோ அவசரப்பட்டு எடுத்தாலோ ஈயம் மிஞ்சும், அப்படிப்பட்ட வெள்ளி அடிக்கும்போது விண்டுபோகும்.

அடுத்த கட்டம் நாணயப் பட்டறை. வெள்ளியைத் தட்டித் தகடாக்கி, வில்லைகளாக வெட்டி, காய்ச்சி இளக்க வேண்டும். காய்ச்சியதில் செம்பு மேலே வந்து வில்லை கறுத்திருக்கும். மதுப் பீப்பாயின் அடியில் படியும் புளிப்பு உப்பையும் சாதா உப்பையும் கலந்த கொதிநீரில் போட்டால் மேற்பரப்புச் செம்பு கரைந்து வெண்மை வரும். கீழ் அச்சு மரக்கட்டையில் ஊன்றியிருக்கும். வில்லையை அதன்மேல் வைத்து, மேல் அச்சைக் கையில் பிடித்து, சுத்தியால் ஓங்கி ஒரே அடி. கை அசைந்தால் உருவம் இரட்டையாக விழும். சரியாக இளகாத வில்லையின் ஓரம் வெடிக்கும். அருங்காட்சியகப் பெட்டிகளில் இந்தக் குறைகள் உள்ள காசுகளைத் தேடுங்கள், அவற்றில்தான் அடித்தவனின் கை தெரியும்.

அரசியலும் இந்தக் கட்டடத்துக்குள்ளேயே நடந்தது. 1471ல் விளாடிஸ்லாவ் யாகெல்லோன் மன்னனாகத் தேர்வானது இங்கேதான். 1485ல் கத்தோலிக்கருக்கும் ஹுஸைட்டுகளுக்கும் சம உரிமை தந்த உடன்பாடு குட்னா ஹோராவில் கையெழுத்தானது. 1409ல் நான்காம் வாட்ஸ்லாவ் இந்த ஊரிலிருந்து விடுத்த ஆணை, பிராக் பல்கலைக்கழகத்தில் பொஹீமியருக்கு மூன்று வாக்கும் மற்ற மூன்று பிரிவினருக்கும் சேர்த்து ஒரே வாக்கும் தந்தது. ஜெர்மன் ஆசிரியர்கள் வெளியேறினார்கள், லெய்ப்சிக் பல்கலைக்கழகம் பிறந்தது.

மே 15, வியாழன்

புனித பார்பரா தேவாலயம். பார்பரா சுரங்கத் தொழிலாளரின் காவல் தெய்வம். 1388ல் தொடங்கியது வேலை, பணம் ஊர்க்காரர்களுடையது. செட்லெட்ஸ் மடத்தின் அதிகாரத்திலிருந்து விலகித் தங்களுக்கென ஒரு கோயில் வேண்டும் என்று ஊர் மதிலுக்கு வெளியே எழுப்பினார்கள். ஹுஸைட் போரால் வேலை நின்றது. 1482ல் மறுபடி தொடங்கி, கட்டடக் கலைஞர்கள் மத்யெய் ரெய்செக், அவருக்குப் பின் பெனெடிக்ட் ரீட் என்று கைமாறியது. வெள்ளி குறைந்ததும் 16ஆம் நூற்றாண்டில் தற்காலிகச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். முழுமையானது 1905ல்தான்.

ஹ்ராடெக்கிலிருந்து யேசு சபைக் கல்லூரியை ஒட்டி, சிலைகள் வரிசையாக நிற்கும் மாடித்தெரு வழியாக வாருங்கள். கீழே வ்ர்ஹ்லிட்சே ஆற்றுப் பள்ளத்தாக்கும் திராட்சைச் சரிவும் தெரியும். உள்ளே நுழைந்ததும் நடுவில் நின்று தலையை அண்ணாந்துகொள்ளுங்கள். ரெய்செக்கின் பீடப்பகுதிக் கூரையில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வலை பின்னுகின்றன. ரீட்டின் நடுக்கூடத்தில் அவையே வளைந்து பூவிதழ்களாகின்றன. இரண்டு மனங்கள் சந்திக்கும் அந்த எல்லையைக் கண்ணால் தொட முடியும். சிறிய பைனாகுலர் இருந்தால் வளைவுகளுக்கு நடுவே உள்ள சின்னங்களையும் பார்க்கலாம்.

பிறகு பக்கச் சிற்றாலயங்களுக்குப் போங்கள். ஒன்றின் சுவரில் நாணயம் அடிப்பவர்கள் வேலையில் இருக்கிறார்கள்: குந்தி உட்கார்ந்து, கையில் சுத்தி, முன்னால் கட்டை. நேற்றைய பட்டறை அப்படியே. ஸ்மீஷெக் குடும்பத்தின் சிற்றாலயத்தில் 15ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் உயர்ந்த தரத்தில் இருக்கின்றன. ஹ்ராடெக்கை வாங்கி அழகுபடுத்தியதும் இதே சுரங்கச் செல்வந்தக் குடும்பம்தான். தொழிலாளி சிலை ஒன்றும் உண்டு, வெள்ளை அங்கி, கையில் விளக்கு. செவ்வாயன்று சுரங்கத்தில் இறங்கி வந்தவருக்கு அந்த அங்கியைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் நாளே இங்கே வந்துவிடாமல் சுரங்கம், பட்டறை, கோயில் என்ற வரிசையில் பாருங்கள் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான்.

மே 16, வெள்ளி

கிளம்பும் முன் இரண்டு இடம்.

ரெய்செக் சதுக்கத்தில் பன்னிரண்டு பக்கக் கல் நீர்த்தொட்டி, 1495. அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். சுரங்கங்கள் நிலத்தடி நீரோட்டத்தைக் குலைத்தன, ஊரில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு வந்தது. ஊருக்கு வெளியேயுள்ள ஊற்றிலிருந்து மரக்குழாய்களில் கொண்டுவந்து சேர்த்த தண்ணீர் இந்தக் கல் உறைக்குள் இருந்தது. இன்று உள்ளே நீர் இல்லை.

இத்தாலிய முற்றத்துக்கு அருகே புனித யாக்கோபு தேவாலயம். இரண்டு கோபுரம் திட்டமிட்டு ஒன்றுதான் உயர்ந்தது. அடியில் சுரங்கங்கள் குடைந்த தரை இன்னொரு கோபுரத்தின் பாரத்தைத் தாங்காது என்று விட்டுவிட்டார்கள்.

வெள்ளி தீர்ந்தது ஒரே நாளில் அல்ல. தாது ஆழத்தில் போனது, தண்ணீர் ஏறியது, விறகு அருகில் கிடைக்காமல் 16ஆம் நூற்றாண்டில் கிர்கொனோஷே மலைகளிலிருந்து எல்ப ஆற்றில் மரம் மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார்கள். அதற்குள் பொஹீமியாவின் இன்னொரு சுரங்க ஊரான யாகிமோவின் வெள்ளியும் பிறகு அமெரிக்க வெள்ளியும் சந்தைக்கு வந்துவிட்டன. நாணயச்சாலை 1727ல் மூடப்பட்டது. பிறகு கட்ட ஆளும் பணமும் இல்லாததால் இடைக்காலத் தெருக்கள் அப்படியே தப்பின. 1995ல் யுனெஸ்கோ பட்டியல்.

திரும்ப மெஸ்தோ நிலையத்துக்குப் பாலாட்ஸ்கி சதுக்கத்திலிருந்து பத்து நிமிட நடை. பெட்டி இழுக்கிறவர்கள் கூடுதலாகப் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், கற்பாவு சக்கரங்களை விடாது. சிறிய ரயில் தவறினால் அடுத்ததற்கு நெடுநேரம் ஆகலாம். அப்போது ஊர்ப் பேருந்தில் ஹ்லவ்னீ நிலையத்துக்குப் போய்விடுவது மேல்.