கெண்டை ஏன் வழியிலேயே மல்லாந்துவிடுகிறது?

முத்தையன்கட்டுக்கோ வவுனிக்குளத்துக்கோ விராலுக்குத் தூண்டில் போடப் போகிறவர்கள், உயிர் இரைக்கான கெண்டைக் குஞ்சுகளை ஒரு பிளாஸ்ரிக் கானுக்குள் கழுத்துவரை தண்ணீர் விட்டு, மூடியை இறுக்கி, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவதை அடிக்கடி பார்க்கிறேன். குளக்கட்டில் வந்து திறந்தால் பாதி மீன் மல்லாந்திருக்கும். "தம்பி, தண்ணி காணாது போல, பெரிய கானாப் பார்க்க வேணும்" என்றார் ஒரு அண்ணை.

தண்ணீர் காணும் அண்ணை, காற்றுத்தான் காணாது.

காற்று தண்ணீரின் மேற்பரப்பால்தான் உள்ளே இறங்கும். கழுத்துவரை நிரப்பினால் அந்த மேற்பரப்பு கானின் வாயளவுதான். அதே தண்ணீரை அகலமான பெட்டியில் பாதிக்கு விட்டால் நிலைமையே வேறு. அதோடு வெயில். 20 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நல்ல தண்ணீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும், 30 பாகையில் 7.5 தான், மீனோ சூடு கூடக்கூட இன்னும் அதிகமாகக் கேட்கும். சோளகம் வீசுகிற ஆடி, ஆவணியில் மத்தியானம் கான் சுடும்போது மீனுக்கு இரண்டு பக்கத்தாலும் அடி.

விராலைப் பழகிய கைக்கு இது பிடிபடுவதில்லை. விராலும் பனையேறியும் மேலே வந்து காற்றை நேரடியாக எடுக்கும், கொஞ்சச் சேற்றுத் தண்ணீரிலும் கிடந்து பிழைக்கும். கெண்டைக்கும் ஜப்பான் (திலாப்பியா) குஞ்சுக்கும் அந்த வசதி இல்லை.

நான் பாவிப்பது மீன்காரர் கழித்துவிடுகிற றெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி. சூடு உள்ளே ஏறாது, மூடியில் ஓட்டை போட்டு ரியூப் விடலாம், பவர்பாங்கில் ஓடுகிற சின்னக் காற்றுப் பம்பு போதும். ரியூப் நுனியில் மாட்டுகிற காற்றுக்கல்லைச் சிறிய குமிழி வருவதாகப் பாருங்கள், பெரிய குமிழி சத்தம்தான். தண்ணீர் மீன் பிடித்த குளத்துத் தண்ணீராகவே இருந்தால் நல்லது. கிணற்றுத் தண்ணீர் என்றால், கிணற்றுக்குக் குளோரின் போட்டிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு, முதல் நாளே வாளியில் எடுத்து இரவு முழுக்கப் பம்பை ஓடவிடுங்கள்.

முதல் நாள் தீனி வேண்டாம். தின்ற மீன்தான் தண்ணீரை அழுக்காக்கும். செவுளால் வெளியேறும் அமோனியா சேர்ந்தால், காற்று இருந்தும் சாகும். தண்ணீரில் நுரை கட்டினால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள், முழுவதையும் ஒரேயடியாக அல்ல. பத்து லீற்றருக்கு 20 கிராம் அளவில் உப்பு கரைத்தால் பயணக் களைப்பைத் தாங்கும். ஆனையிறவுக் கல்லுப்பே போதும். செத்ததை உடனே எடுத்துவிட வேண்டும்.

ஐஸ் கட்டியை நேரே போடாதீர்கள். சோடாப் போத்தலில் தண்ணீரை உறையவைத்து மிதக்கவிடலாம், ஆனால் இரண்டு மூன்று பாகைக்கு மேல் குறைக்க வேண்டாம்: குளிர்ந்த கெண்டையைத் தூண்டிலில் கொளுவி வெந்நீர் மாதிரிக் கிடக்கிற குளத்தில் போட்டால், அது நீந்தாமல் அப்படியே தொங்கும், விரால் திரும்பியும் பாராது.

மிஞ்சியதை வேறு குளத்தில் ஊற்றக்கூடாது, எந்த நோய், எந்த மீன் கூடப் போகிறது என்று யாருக்குத் தெரியும்? பெட்டியைச் சவர்க்காரம் போடாமல் கழுவி வெயிலில் காயவிடுங்கள். ரியூப்பையும்.