டெபியனில் ஒரு பேக்கேஜைப் பொறுப்பேற்ற அனுபவம்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினியில் ஒரு பேக்கேஜை, அதாவது நிறுவத் தயாராகக் கட்டிவைத்த ஒரு மென்பொருளை, நிறுவும்போது, அதனுள் போஸ்ட்இன்ஸ்ட் என்ற ஸ்கிரிப்ட் இருந்தால் அது ரூட் எனும் முழு அதிகாரத்தோடு ஓடும். அதை எழுதியவர் நினைத்தால் அந்தக் கணினியில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். எழுதுபவர்களோ சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், பல நாடுகளில் இருப்பவர்கள், பலர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. ஒரு பேக்கேஜைக் கட்டிப் பேணும் பராமரிப்பாளர் ஆவதற்கு ஏன் இத்தனை படிகள் என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அந்தப் படிகளில் ஏறி வந்தவன் நான். ஒன்றைக்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

1993 ஆகஸ்டில், பர்டூ பல்கலைக்கழக மாணவராக இருந்த இயன் மர்டாக் டெபியனை அறிவித்தார். பலர் சேர்ந்து கட்டும் விநியோகமாக (மென்பொருள்களின் முழுத் தொகுப்பாக) இருக்க வேண்டும் என்பதுதான் அன்றே அவருடைய எண்ணம். ஒருவர் ஒரு பேக்கேஜை எடுத்துக்கொள்வார், எல்லாப் பேக்கேஜும் ஒரே விதிகளுக்குக் கட்டுப்படும். இந்த ஏற்பாடு இன்றும் மாறவில்லை. டெபியன் 12-இல் 64 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் இருக்கின்றன, டெவலப்பர்களோ ஏறத்தாழ ஆயிரம் பேர். ஆள் போதவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான் எடுத்துக்கொண்டது ஒரு சிறிய சி நூலகம், அதாவது மற்ற நிரல்கள் பயன்படுத்திக்கொள்ளும், சி மொழியில் எழுதிய நிரல் தொகுப்பு. ஒரு குறிப்பிட்ட வகைத் தரவுக் கோப்பைப் படிப்பதுதான் அதன் வேலை. பராமரிப்பாளர்களுக்கான கருவிகள் உள்ள டெவ்ஸ்கிரிப்ட்ஸ் பேக்கேஜில் டபிள்யூஎன்பிபி-அலர்ட் என்றொரு கட்டளை உண்டு. நம் கணினியில் நிறுவப்பட்டிருப்பவற்றுள் எவை பராமரிப்பாளர் இல்லாமல் கிடக்கின்றன என்று அது பட்டியல் போடும். அந்தப் பட்டியலில்தான் இந்த நூலகத்தைப் பார்த்தேன். முந்தைய பராமரிப்பாளர் நேரமில்லை என்று முறையாக எழுதிவிட்டு விலகியிருந்தார். அதற்கான வழு (பிழை) பதிவின் தலைப்பில் ஆர்ஃபன், அதாவது அநாதை, என்பதைக் குறிக்கும் 'ஓ' இருந்தது. அதை 'ஐடிஏ' என்று மாற்றி ஒரு மின்னஞ்சல் அனுப்பினால், நான் தத்தெடுக்கிறேன் என்று அர்த்தம். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் நாம் கட்டிய பேக்கேஜை நாமே டெபியனின் பேக்கேஜ் களஞ்சியத்தில் ஏற்ற முடியாது. ஒரு டெபியன் டெவலப்பர் அதைப் பார்த்து, திருப்திப்பட்டு, தன் டிஜிட்டல் சாவியால் கையொப்பமிட்டு ஏற்ற வேண்டும். அவரைத்தான் ஸ்பான்சர் என்கிறோம்.

எனக்குக் கிடைத்த ஸ்பான்சர் கறாரானவர், பொறுமையானவரும்கூட. முதல் பதிலிலேயே, பேக்கேஜைக் கட்டுவதற்கான கோப்புகள் இருக்கும் 'டெபியன்' கோப்புறைக்குள் ஒவ்வொரு கோப்பாகப் பிரித்து எழுதியிருந்தார். பேக்கேஜின் விவரங்களைச் சொல்லும் கண்ட்ரோல் கோப்பில் பழைய பராமரிப்பாளர் விட்டுச் சென்ற ஒற்றை வரி விவரணையைப் பற்றி, "இது ஒரு நூலகம் என்று மட்டும் சொன்னால் படிப்பவருக்கு என்ன தெரியும்? எந்தக் கோப்பை, எதற்காகப் படிக்கிறது என்று எழுதுங்கள்" என்றார். கட்டும் முறையைச் சொல்லும் ரூல்ஸ் கோப்பில் பழைய காலத்துக் கட்டளைகள் பக்கம் பக்கமாக இருந்தன. கட்டும் வேலையை எளிதாக்கும் இன்றைய டெப்ஹெல்பர் கருவிக்கு மாற்றியதும் அது சில வரிகளாகச் சுருங்கிவிட்டது. பேக்கேஜைச் சோதிக்கும் லின்டியன் என்ற கருவி சொன்ன குறைகளையெல்லாம் சரிசெய்தேன்.

உண்மையில் அதிக நேரம் பிடித்தது காப்பிரைட் கோப்புதான். புதியவர்கள் பலர் இதை ஒரு சம்பிரதாயமாக நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் பராமரிப்பாளரின் முதல் வேலையே இதுதான். மூல நிரலில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் திறந்து, யார் எழுதியது, எந்த உரிமத்தில் வெளியிட்டது என்று பதிய வேண்டும். லைசென்ஸ்செக் என்ற கருவி முக்கால்வாசியைச் சொல்லிவிடும், மீதியைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். நூலகம் முழுக்க எம்ஐடி என்ற கட்டற்ற உரிமம் என்றுதான் ரீட்மி எனும் அறிமுகக் கோப்பில் இருந்தது. ஆனால் புதிய பதிப்பில் சேர்ந்திருந்த ஒரு கோப்பின் நடுவே, வேறெங்கிருந்தோ எடுத்துச் செருகிய ஒரு ஃபங்ஷனுக்கு மேலே, 'வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்' என்று ஒரு வரி. டெபியனின் கட்டற்ற மென்பொருள் நெறிமுறைகளில் ஆறாவது, எந்தத் துறைப் பயன்பாட்டையும் ஒதுக்கக் கூடாது என்கிறது. 1997-இல், டெபியன் தன் பயனர்களுக்கும் கட்டற்ற மென்பொருள் சமூகத்துக்கும் தந்த வாக்குறுதியான சமூக ஒப்பந்தத்தோடு ஏற்றுக்கொண்ட நெறிமுறை அது. அந்த ஒரு வரி இருக்கும்வரை நூலகம் களஞ்சியத்தின் முதன்மைப் பகுதிக்குள் வர முடியாது. நூலகத்தை எழுதிய மூல ஆசிரியருக்கு எழுதினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த ஃபங்ஷனைத் தூக்கிவிட்டு, தானே புதிதாக ஒன்று எழுதி அடுத்த பதிப்பை வெளியிட்டார். நூலகத்தைப் பயன்படுத்தும் எல்லோருக்கும், டெபியனில் இல்லாதவர்களுக்கும்கூட, அதனால் ஒரு சிக்கல் தீர்ந்தது.

அந்தப் பதிப்பில் ஏபிஐ, அதாவது மற்ற நிரல்கள் நூலகத்தை அழைக்கும் முறை, மாறியிருந்ததால், அதைக் குறிக்கும் எஸ்ஓநேம் எண் 1-லிருந்து 2 ஆனது. நூலகப் பேக்கேஜின் பெயரிலேயே அந்த எண் இருக்கும். பெயர் மாறினால் அது புதிய பேக்கேஜ், எனவே புதியவற்றுக்கான நியூ வரிசையில் நிற்க வேண்டும். அப்போது, களஞ்சியத்தை நிர்வகித்த எஃப்டிபி மாஸ்டர் குழுவில் ஒருவர் உரிமங்களை மறுபடி கையால் சரிபார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். அவர்களும் தன்னார்வலர்கள்தான், வரிசை சில நேரம் நீளும். அவசரப்படுத்துவதில் பயனில்லை. முதலில் சோதனைப் பகுதியான எக்ஸ்பெரிமென்டலில் ஏற்றி, இந்த நூலகத்தை நம்பியிருக்கும் மற்ற பேக்கேஜ்களை வீட்டுக் கணினியில் புதிய பதிப்போடு கட்டிப் பார்த்தேன். டெபியன் 12-க்கான ட்ரான்சிஷன் ஃப்ரீஸ் (இப்படிப்பட்ட நூலக மாற்றங்களை நிறுத்திவைக்கும் நாள்) 2023 ஜனவரி 12 என்று அறிவித்திருந்தார்கள், அதற்கு முன் முடித்தாக வேண்டும்.

எக்ஸ்பெரிமென்டலில் ஏறியதும், டெபியன் பேக்கேஜ்களைக் கட்டிப் பார்க்கும் கணினி வகைகளில் ஒன்றான எஸ்390எக்ஸில் கட்டுமானம் தோற்றது. அது ஐபிஎம் மெயின்ஃப்ரேம் வகை. நானோ அப்படியொரு இயந்திரத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கட்டுமானப் பதிவில் சோதனை ஒன்று 'நினைவகம் போதவில்லை' என்று நின்றிருந்தது. டெவலப்பர் அல்லாதவர்களும் ஒரு டெவலப்பர் வழியாக விண்ணப்பித்தால், இத்தகைய கணினிகளில் சோதித்துப் பார்க்க டெபியன் வைத்திருக்கும் போர்ட்டர்பாக்ஸில் விருந்தினர் கணக்கு தருவார்கள். கணக்கு கிடைத்ததும் உள்ளே நுழைந்து, நிரல் ஒதுக்கக் கேட்ட நினைவக அளவை அச்சிட்டுப் பார்த்தேன்: 268435456. அதைப் பதினாறடிமானத்தில் எழுதினால் 10-க்குப் பின்னால் ஆறு சுழியம். கோப்பில் இருந்த உண்மையான எண் வெறும் 16. நம் மடிக்கணினிகள் சிறிய பைட்டை முதலில் வைக்கின்றன, எஸ்390எக்ஸ் பெரியதை முதலில் வைக்கிறது. நிரல் நான்கு பைட்டுகளை அப்படியே எண்ணாக எடுத்துக்கொண்டதால் 16 என்பது இருபத்தாறு கோடியைத் தாண்டிவிட்டது. பைட் வரிசையைச் சரிசெய்யும் எல்ஈ32டுஎச் என்ற ஒரு மாற்றி போதும், திருத்தம் ஒரே வரிதான். திருத்தங்களுக்கான டெபியன்/பேட்சஸ் கோப்புறையில் அதைப் போட்டு, மூல ஆசிரியருக்கும் அனுப்பினேன். அத்தனை வகைக் கணினிகளில் டெபியன் ஏன் எல்லாவற்றையும் கட்டிப் பார்க்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

புதிய பதிப்புகள் வந்து சேரும் அன்ஸ்டேபிள் பகுதியில் ஏறிய பேக்கேஜ் வழக்கமாக ஐந்து நாள் அங்கே இருந்து, பெரிய வழு எதுவும் வராவிட்டால், அடுத்த வெளியீடு உருவாகும் டெஸ்டிங் பகுதிக்குப் போகும். ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் என்ற தானியங்கிச் சோதனை எழுதி அது தேறினால் இரண்டே நாள். இவ்வகைக் கட்டங்களெல்லாம் தானாக ஓடுபவை, அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃப்ரீஸுக்கு முன்பே வேலை முடிந்தது. 2023 ஜூன் 10 அன்று வெளியான டெபியன் 12-இல் என் நூலகமும் இருந்தது.

அதன் பிறகு ஸ்பான்சரே, "நீங்களே ஏற்றலாமே, டிஎம் ஆக விண்ணப்பியுங்கள்" என்று எழுதினார். டிஎம் என்றால் டெபியன் மெயின்டெய்னர், தனக்கென அனுமதிக்கப்பட்ட பேக்கேஜ்களை மட்டும் தானே ஏற்றக்கூடியவர். அதற்கு நம் டிஜிட்டல் சாவியான ஜிபிஜி சாவியில், அது நம்முடையதுதான் என்று சரிபார்த்து, ஒரு டெவலப்பராவது கையொப்பமிட்டிருக்க வேண்டும். நல்ல வேளையாக அந்தச் செப்டம்பரில் டெபியனின் மாநாடான டெப்கான்ஃப் கொச்சியில் நடந்தது. சாவியை அடையாளம் காட்டும் நாற்பது எழுத்து ஃபிங்கர்பிரிண்டைச் சிறு சீட்டுகளில் அச்சடித்து, பாஸ்போர்ட்டோடு போனேன். சாப்பாட்டு வரிசையிலும் தேநீர் இடைவேளையிலும் சீட்டுகள் கைமாறின. சீட்டு வாங்கிய பெண் டெவலப்பர் ஒருவர் பாஸ்போர்ட்டை வெளிச்சத்தில் பிடித்து, படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். சிரித்துக்கொண்டேதான் செய்தார், ஆனால் ஒரு எழுத்தையும் தாண்டவில்லை. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. வீடு திரும்பியதும் கையொப்பங்கள் மின்னஞ்சலில் வந்தன.

விண்ணப்பம் அதற்குப் பிறகு சுலபம். சமூக ஒப்பந்தத்தையும் நெறிமுறைகளையும் கணினிப் பயன்பாட்டு விதிகளையும் ஏற்கிறேன் என்று கையொப்பமிட்ட அறிக்கை ஒன்று, ஸ்பான்சரின் பரிந்துரைக் கடிதம் ஒன்று. ஏற்றும் உரிமை உள்ளவர்களின் சாவித்தொகுப்பை மாதம் ஒருமுறைபோலப் புதுப்பிப்பார்கள், அதில் என் சாவியும் சேர்ந்தது. ஸ்பான்சர் அந்த ஒரு நூலகத்துக்கு எனக்கு அனுமதி கொடுத்தார்.

2024 தொடக்கத்தில், 32 பிட் கணினிகள் 2038-இல் நேரத்தைத் தவறாகக் காட்டாமலிருக்க, நேரத்தைக் குறிக்கும் டைம்_டி என்ற எண்வகையின் அளவை 64 பிட்டாக மாற்றும் பெரிய வேலை நடந்தது. பாதிக்கப்பட்ட நூலகங்களின் பெயரோடு டி64 என்று சேர்த்தார்கள். என் நூலகமும் அதில் ஒன்று. நான் கை வைப்பதற்கு முன்பே, எனக்கு அறிமுகமே இல்லாத ஒருவர் பேட்சை (திருத்தத்தை) வழுப் பதிவில் இணைத்து, பராமரிப்பாளர் அல்லாதவர் ஏற்றும் என்எம்யூ முறையில் ஏற்றியிருந்தார். பார்த்தேன், சுத்தமான வேலை. நன்றி சொல்லி அப்படியே சேர்த்துக்கொண்டேன். எஸ்ஓநேம் 3 ஆகும்போது அந்த டி64 தேவைப்படாது. மூல ஆசிரியர் அந்தப் பதிப்பைத் தயாரித்துக்கொண்டிருக்கிறார், டெபியனின் நிரல் தளமான சல்சாவில் அதற்கான கிளையைத் தொடங்கி, காப்பிரைட் கோப்பை முதல் வரியிலிருந்து மறுபடி சரிபார்த்து வருகிறேன். பெயர் மாறுவதால் இதற்கும் நியூ வரிசைதான்.