மத்தியான ஓட்டையை அடைச்சாச்சு: நூறு ரூபாய் சென்னை அப்டேட்

ஒருவழியா அடைச்சாச்சு மக்களே. காலைல கிளம்பி ராத்திரி வீடு திரும்புற வரைக்கும் ஆளுக்கு நூறு ரூபாய்க்குள்ள சென்னையைச் சுத்துறதுதான் நம்ம விளையாட்டு. அதுல காலையும் பிரச்னை இல்ல, சாயங்காலமும் பிரச்னை இல்ல, நடுவுல பன்னெண்டு மணிலருந்து நாலு மணி வரைக்கும் ஒண்ணு இருக்கு பாருங்க, என் பட்ஜெட் மொத்தமும் அந்த ஓட்டை வழியாத்தான் ஒழுகிட்டு இருந்துச்சு. இந்த மார்கழில சங்கீத சபாக்கள்ல நடக்கற மத்தியானக் கச்சேரிங்களால அது அடைபட்டிருச்சு. ஓசில, அதுவும் ஏசியோட.

ரூல்ஸ் பழசுதான். சொந்த வண்டி கூடாது, ஆட்டோ கூடாது, வீட்ல இருந்து கட்டிட்டுப் போற சாப்பாடு கணக்குல வராது. மால் கூடாதுன்னு நான் ரூல் போடல, ஆனா மாலுக்குள்ள போறதுதான் ஃப்ரீ, பையனோட வெளிய வர்றது ஃப்ரீ கிடையாது, அதனால அது தானாவே அவுட்.

காலை நேரம் இந்த ஊர்ல ராஜா மாதிரி சுத்தலாம். மெரினாவுல விடியற நேரத்துக்கு எறங்கிட்டா ரெண்டு மணி நேரம் காத்து வாங்கலாம், அப்படியே சாந்தோம் வரைக்கும் நடந்து, மயிலாப்பூர் போய் கபாலி கோயில், குளக்கரை, நாலு மாட வீதின்னு பதினோரு மணி வரைக்கும் ஒரு பைசா செலவில்லாம ஓட்டிடலாம். அதுக்கப்புறம்தான் இந்த ஊரு கதவைச் சாத்த ஆரம்பிக்கும். கோயில் நடை சாத்திடுவாங்க, திரும்ப நாலு மணிக்குத்தான். பார்க்குல பாதிக்கு மேல காலைல ஒரு ஷிஃப்ட் சாயங்காலம் ஒரு ஷிஃப்ட், நடுவுல பூட்டு. கலங்கரை விளக்கத்துல லிஃப்ட்லயே மேல ஏறி மொத்த மெரினாவையும் பார்க்கலாம், ஆனா அதுக்கும் மத்தியானம் இடைவேளை உண்டு, திங்கட்கிழமை லீவு வேற. பீச் மணல்ல காலை வச்சா தோல் கழண்டு வந்துரும். அப்ப எங்கதான் போறது? எங்கயாவது ஜூஸ் கடைல உக்காருவோம், ஆளுக்கு ஒரு கிளாஸ், பையனுக்கு ரெண்டு, நூறு ரூபாய் கணக்கு அங்கயே சமாதி.

இந்த நாலு மணி நேரத்துக்கு நான் என்னென்ன போட்டுப் பார்த்தேன்னு சொல்றேன், ஏன்னா மார்கழி முடிஞ்சா நமக்கு இதுங்கதான் கதி.

சாந்தோம் பேராலயம் நல்ல இடம். இப்ப நிக்கிற வெள்ளைக் கட்டடம் 1896 வாக்குல கட்டினது, புனித தோமா கல்லறை கீழ இருக்கு, அதுக்குத் தனி வாசல், படி எறங்கிப் போனா நல்லா குளுகுளுன்னு இருக்கும். ஆனா ஜெபம் பண்ற இடத்துல வெயிலுக்கு ஒதுங்கி ரெண்டு மணி நேரம் உக்காந்திருக்க எனக்கே ஒரு மாதிரி இருக்கு, பையன் வாயையும் அவ்வளவு நேரம் மூடி வைக்க முடியாது. அரை மணி நேரம், அதுக்கு மேல நியாயம் இல்ல.

எழும்பூர் மியூசியம் ரெண்டாவது. 1851ல ஆரம்பிச்சது, டிக்கெட் சில்லறைக் காசுதான். வெண்கலக் காட்சிக்கூடம் ஒண்ணு போதும் எனக்கு, திருவாலங்காட்டு நடராஜர் முன்னாடி நின்னா நேரம் போறதே தெரியாது, திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரரை இடது பக்கம் ஒரு தடவை வலது பக்கம் ஒரு தடவை தனித்தனியா பார்த்துட்டு வாங்க, ரெண்டு வேற வேற சிலை மாதிரியே இருக்கும். பையனுக்குத் திமிங்கல எலும்புக்கூடுதான் எல்லாமே. குறை என்னன்னா ஒரே கட்டடம் கிடையாது, ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்கு உச்சி வெயில்ல நடக்கணும். வெள்ளிக்கிழமை லீவுங்கறதையும் எங்கயாவது எழுதி ஒட்டி வச்சுக்கோங்க. பக்கத்துலயே கன்னிமாரா நூலகம், 1896ல தொறந்தது, இந்தியாவுல வெளியாகுற எல்லாப் புத்தகத்துலயும் ஒரு பிரதி சட்டப்படி வந்து சேர வேண்டிய நாலு நூலகத்துல ஒண்ணு. ஆனா குழந்தையோட போறவங்களுக்கு அது சரிப்படாது, தனியாப் போனா சொர்க்கம்.

மூணாவது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010ல தொறந்தது, நுழைவு இலவசம், ஏசி, குழந்தைங்களுக்குத் தனிப் பிரிவு, அதுக்கு நடுவுல ஒரு பொய் மரம், நம்மாளு அதைச் சுத்தியே ஒரு மணி நேரம் ஓட்டிடுவான். சொந்தப் புத்தகம் கொண்டு போய்ப் படிக்கிறதுக்கும் இடம் உண்டு, ஆனா அங்க போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பசங்க காலைலயே வந்து இடம் பிடிச்சிருப்பாங்க, அவங்க பக்கம் போய் சத்தம் போடாதீங்க பாவம். வருஷம் முழுக்க நம்பக்கூடிய ஒரே இடம்னா இதுதான். என் பிரச்னை என்னன்னா சனி ஞாயிறு ஊர் சுத்தக் கிளம்பிட்டு அங்கயும் போய் உக்காந்து படிக்கிறதான்னு வீட்டம்மா கேட்பாங்க, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

நாலாவது ஐடியா என் சொந்தக் கண்டுபிடிப்பு, பறக்கும் ரயில்ல ஏறி வேளச்சேரி வரைக்கும் போய்ட்டு வர்றது. அஞ்சு ரூபாய்லருந்து டிக்கெட், மத்தியானம் பெட்டி காலி, ஜன்னல் ஓரம் காத்து, பக்கிங்காம் கால்வாய் கூடவே வரும் (வாசனையும் வரும்). பீச்-எழும்பூர் நாலாவது ரயில் பாதை வேலைக்காக 2023ல இருந்து ஒரு வருஷத்துக்கு மேல பீச் ஸ்டேஷன் வரைக்கும் போகாம சிந்தாதிரிப்பேட்டையோட நின்னுட்டு இருந்துச்சு, 2024 அக்டோபர் கடைசில மறுபடியும் முழுசா ஓட ஆரம்பிச்சது. நல்ல டைம்பாஸ்தான், ஆனா ஒரு மணி நேரத்துக்கு மேல பையன் தாங்க மாட்டான், நானும்தான்.

சரி, மார்கழிக்கு வரேன்.

சபாக்கள்ல சாயங்காலக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். மத்தியானம் பன்னெண்டு மணிக்கும் ரெண்டு மணி வாக்குலயும் நடக்கற ஜூனியர் கச்சேரிங்க நிறைய சபால ஃப்ரீ. யார் வேணாலும் உள்ள போய் உக்காரலாம், பாட்டு தெரிஞ்சிருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல, எனக்குக் கல்யாணி ராகத்துக்கும் மோகன ராகத்துக்கும் வித்தியாசமே இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமா பிடிபடுது. என் ஓட்டை பன்னெண்டுலருந்து நாலு, இவங்க ஃப்ரீ ஸ்லாட்டும் பன்னெண்டுலருந்து நாலு! அளவெடுத்துத் தச்ச மாதிரி. 1927 காங்கிரஸ் மாநாட்டு சமயத்துல நடந்த இசை மாநாட்டுலருந்து பொறந்து 1928ல ஆரம்பிச்சது மியூசிக் அகாடமி, அன்னைலருந்து இந்த ஊர்ல டிசம்பர்னா கச்சேரி, இவ்வளவு வருஷம் இதை விட்டுட்டு ஜூஸ் கடைல உக்காந்திருக்கோம் பாருங்க.

ஆனா உள்ள போறது ஈஸி, நல்ல இடத்துல உக்கார்றதுதான் வித்தை. இதைக் கொஞ்சம் விலாவாரியா சொல்லிடறேன். முன் வரிசை டோனருங்களுக்கு, அங்க போய் உக்காந்தா ஒரு மாமா வந்து "தம்பி, கொஞ்சம் பின்னாடி போய்க்கறேளா"ன்னு ரொம்ப மரியாதையா எழுப்பி விட்டுடுவார். கடைசி வரிசை கதவுப் பக்கம், போறவன் வர்றவன் எல்லாம் கதவைத் தள்ளுவான், ஏசிக் காத்து வெளிய போகும், கேன்டீன் சாம்பார் வாசனை உள்ள வரும், வயித்துக்குள்ள கலவரம். அதனால நடு வரிசை, ஓரத்து சீட்டு. ஓரம் எதுக்குன்னா பையனுக்குத் திடீர்னு பாத்ரூம் வரும். எந்திரிக்கறதா இருந்தா ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கறதுக்குள்ள எந்திரிங்க, ராகத்தை விரிச்சுப் பாடற ஆலாபனை நடுவுல எந்திரிச்சா பாடற பொண்ணு நம்மளையே பாக்கற மாதிரி இருக்கும்.

இடத்தை மாத்தணும்னா அதுக்கு ஒரு நேரம் இருக்கு, தனி ஆவர்த்தனம். மிருதங்கமும் கடமும் மட்டும் வாசிக்கற அந்த நேரத்துல பாதி ஹால் எந்திரிச்சு கேன்டீனுக்குப் போயிரும். எனக்கு இதுல கோவம்தான், அந்தப் பசங்க அந்தப் பத்து நிமிஷத்துக்காக வருஷம் பூரா சாதகம் பண்ணிட்டு வந்திருப்பாங்க, அவங்க கையை எடுத்து வைக்கறப்ப இவங்க காபிக்குப் போறாங்க. ஆனா ஒண்ணு, சீட்டு காலியாகும். அது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, மெயின் பாட்டு முடியற கட்டத்துல எந்திரிக்கறவங்களைப் பார்த்து வச்சுக்கிட்டு சத்தமில்லாம ரெண்டு வரிசை முன்னாடி போயிரணும். மிருதங்கக்காரர் விரலு தெரியற தூரத்துல உக்காந்து தனி கேட்டுப் பாருங்க, அது வேற அனுபவம்.

அன்னைக்கு அப்படித்தான் முன்னாடி நகர்ந்து ஒரு பெரியவர் பக்கத்துல உக்காந்தோம். அவர் தொடைல தாளம் போட்டுட்டு இருந்தார், ஒரு தட்டு, அப்புறம் சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அப்புறம் தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு. பையன் அதையே உத்துப் பார்த்துட்டு தன் தொடைல போட ஆரம்பிச்சான். ரெண்டாவது சுத்துல தடுமாறினான், பெரியவர் தலையைத் திருப்பாமலே கையை மட்டும் கொஞ்சம் அவன் பக்கம் நீட்டி, மெதுவாத் தெரியற மாதிரி போட்டார். கடத்துக்காரர் வேகம் எடுத்தப்ப பையன் கையும் வேகம் எடுத்துச்சு, அவர் டக்குன்னு அவன் மணிக்கட்டை ஒரு தட்டு தட்டி "அவா ஓடட்டும், நீ ஓடாதே"ன்னார். தனியை முடிச்சு வைக்கற தாளக்கட்டு, கோர்வைம்பாங்க, அது வந்து விழுந்தப்ப ரெண்டு கையும் ஒரே இடத்துல விழுந்துச்சு. இவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கே! ஆதி தாளம்னு பேரு எல்லாம் வீட்டுக்கு வந்து நான்தான் சொன்னேன், அவனுக்கு அது தேவைப்படவே இல்ல.

இன்னொரு பெருமையும் இருக்கு. மத்தியானம் பாடறவங்க நாலஞ்சு வருஷத்துல சப்சீனியர், அப்புறம் சாயங்கால சீனியர் ஸ்லாட்னு ஏறிடுவாங்க, அப்ப டிக்கெட் நம்ம பட்ஜெட்டுக்குள்ள வராது. இப்பவே ஓசில கேட்டு வச்சுட்டா பின்னாடி "இவங்களை நான் பன்னெண்டு மணிக்கே கேட்டவன்"னு அலட்டிக்கலாம். நான் ஒரு லிஸ்டே போட்டு வச்சிருக்கேன்.

எச்சரிக்கை: கேன்டீன். கச்சேரி ஓசி, ஆனா வாழை இலை போட்டு உக்கார வச்சாங்கன்னா நூறு ரூபாய் விளையாட்டு அங்கயே ஓவர். நாங்க எலுமிச்சை சாதம் கட்டிட்டுப் போய் சபாக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே சாப்பிட்டு முடிச்சுடறோம், அப்புறம் ஒரே ஒரு காபி, அதையும் ரெண்டு பேரும் பங்கு போட்டு. ஹாலுக்குள்ள டப்பாவைத் தொறக்காதீங்க, ஊறுகாய் வாசனை மேடை வரைக்கும் போகும்.

பஸ் கணக்கு பத்தி ஒரு புலம்பல். 2021 மே மாசத்துலருந்து சாதாரண பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்ல, விடியல் பயணம். அதனால வீட்டம்மா கணக்குல பஸ் செலவு சுழியம், மிச்சக் காசுக்கு பெசன்ட் நகர்ல மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கறாங்க. டிக்கெட் எடுக்கற நான் வெள்ளை போர்டு போட்ட சாதாரண பஸ்ஸுக்காக நிக்கணும், வர்றது பூரா டீலக்ஸ், அப்புறம் ஒரு ஏசி, அப்புறம் மறுபடியும் டீலக்ஸ். இதுல மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் ரூட்டை வேற மாத்தி விட்டிருக்காங்க, போன மாசம் பஸ் நின்ன இடத்துல இந்த மாசம் தகரத் தடுப்பு. பேசாம திருமயிலை ஸ்டேஷன்ல எறங்கி நடந்துடறது உத்தமம்.

சாமான் பத்தி ரெண்டு வரி. மடக்குக் குடை பாரிஸ் கார்னர் பக்கம் மொத்தக் கடை சந்துல வாங்குங்க, பேரம் பேசினா ஒண்ணு வாங்கற காசுக்கிட்ட ரெண்டு வரும், ஆனா பட்டனை அமுக்கினா விரியற டைப் வேணாம், கடற்கரைக் காத்துல மடங்கிப் போகும், கையால தள்ளி விரிக்கறதுதான் தாங்குது. சபாவுக்கு ஒரு மெல்லிசு துண்டு கட்டாயம், ஏசி சில ஹால்ல ஊட்டி லெவல்ல இருக்கு. தண்ணி பாட்டில் எவர்சில்வர், ஆனா ஹாலுக்குள்ள கீழ போட்டுடாதீங்க, அந்த சத்தம் தாளத்துல நிக்காது.

அடுத்த பிளான் ஆமை நடை. ஜனவரிலருந்து பங்குனி ஆமைங்க முட்டை போட கரைக்கு வரும், நீலாங்கரைலருந்து பெசன்ட் நகர் வரைக்கும் ராத்திரி முழுக்க மணல்ல நடந்து கூடு தேடுவாங்க, 1988லருந்து மாணவர்கள் நடத்தற அமைப்பு, வார இறுதில பொதுமக்களும் கூடப் போகலாம். வெயில் பிரச்னையே இல்ல, செலவும் இல்ல, விடியறப்ப பெசன்ட் நகர்லயே முடியும். பிரச்னை தூக்கம்தான், அத்தனை கிலோமீட்டர் மணல்ல பையனால முடியுமான்னு தெரியல, இந்த வருஷம் நான் மட்டும் போய்ப் பார்த்துட்டு வரேன். ஆகஸ்ட்ல ஊரோட பொறந்த நாளான மெட்ராஸ் டே வரும்போது ஃப்ரீ வாக் நிறைய நடக்கும், அதுக்கும் ஒரு தனி நோட்டு தொறந்தாச்சு.

ஆனா ஆகஸ்டுக்கு முன்னாடி சித்திரை வருது, கத்திரி வெயில் வருது, ஜனவரி முதல் தேதியோட மெயின் சீசன் முடிஞ்சா ஓட்டை திரும்பவும் தொறந்துரும். கோடைக்கு இப்போதைக்கு என் கைல இருக்கறது கோட்டூர்புரமும் வெண்கலக் கூடமும்தான், ரெண்டையும் ஒரே நாள்ல வைக்கலாமான்னு ரயில் டைம் பார்த்துட்டு இருக்கேன். கோட்டூர்புரத்துல ஏறி பார்க் டவுன்ல எறங்கினா எழும்பூருக்கு மாத்திப் போயிரலாம், ஆனா பார்க் டவுன்லருந்து பார்க் ஸ்டேஷனுக்கு அந்த சப்வே நடை இருக்கே, மே மாசத்துல அதை எப்படி சமாளிக்கறதுன்னுதான் யோசனை. வர்ற வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு, அதனால சனிக்கிழமை ஒரு ட்ரையல் போட்டுப் பார்த்துடறேன்.