வலி இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை என்றேன்

சர்க்கரை பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் அந்த மருத்துவ முகாமுக்குப் போனேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். பெயர் பதிந்துவிட்டு நகர்ந்தால், அட்டையில் செருகிய தாளுடன் ஓர் இளம்பெண். "ஐயா, இதயம் பற்றிச் சில கேள்விகள், ஐந்து நிமிடம்தான்" என்றார். எனக்கு அப்போது வயது 57. சர்க்கரை வரிசை நீளமாக இருந்ததால் உட்கார்ந்தேன்.

நெஞ்சில் எப்போதாவது வலியோ அசௌகரியமோ இருந்ததுண்டா என்பது முதல் கேள்வி. இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. எனக்கு வந்துகொண்டிருந்தது வலியே அல்ல; நெஞ்சின் நடுவில் அம்மிக்கல்லை இறக்கி வைத்தது போல ஒரு கனம். அதற்கு நான் வைத்திருந்த பெயர் வாயு. ஓமத்தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தால் போய்விடும். ஓமத்தை நம்பினேனே தவிர, உட்கார்ந்ததால்தான் போகிறது என்று ஒருநாளும் தோன்றவில்லை.

இல்லை என்பவர்களுக்காகவே அடுத்த வரியில் இன்னொரு கேள்வி இருந்தது: நெஞ்சில் அழுத்தமோ பாரமோ உண்டா? நான் யோசிப்பதற்குள் பின்னால் நின்ற என் மனைவி, "தினமும் நெஞ்சைத் தடவிக்கொண்டு நிற்பது யாராம்?" என்றாள். "அம்மா, ஐயாதான் பதில் சொல்ல வேண்டும்" என்று அந்தப் பெண் சிரித்தார். ஆமாம் என்றேன்.

மேட்டில் ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ வருகிறதா? எங்கள் ஊரில் மேடு ஏது? வயல்வரப்பைவிட உயரமானது ரயில்வே மேம்பாலம்தான். அதிலும் நான் ஸ்கூட்டரில் போகிறவன். வேகமாக நடப்பதில்லையே என்றேன். ஆமாம், இல்லை என்ற இரண்டோடு, 'வேகமாக நடப்பதும் மேடு ஏறுவதும் கிடையாது' என்று மூன்றாவதாக ஒரு கட்டமும் அந்தத் தாளில் இருந்தது. அவர் அங்கே பேனாவை வைத்துவிட்டு, "எப்போதிலிருந்து நடப்பதில்லை?" என்று கேட்டார்.

அப்போதுதான் சுவாமிமலை நினைவுக்கு வந்தது. அறுபது படிகள், படிக்கு ஒரு தமிழ் வருடம். முன்பெல்லாம் கிருத்திகைக்குப் போனால் ஒரே மூச்சில் ஏறுவேன். கடைசியாகப் போனபோது பாதியில், துர்முகியில் நின்றுவிட்டேன். கூட்டம் என்று சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு போகவே இல்லை.

மிச்சக் கேள்விகளுக்குத் தயங்கவில்லை. வந்தால் என்ன செய்வீர்கள்? நின்றுவிடுவேன். நின்றால்? பத்து நிமிடத்துக்குள் போய்விடும். எங்கே? நடுநெஞ்சில் கையை வைத்துக் காட்டினேன். அவர் தாளை மடிக்காமல் நேராக டாக்டரிடம் கொண்டுபோனார்.

இ.சி.ஜி. சரியாக இருந்தது. வாயுதான் என்று மனைவியிடம் வெற்றிப் பார்வை பார்த்தேன். சும்மா படுத்திருக்கும்போது எடுக்கும் இ.சி.ஜி. இந்த வகை நெஞ்சுப் பாரத்தில் பல பேருக்குச் சரியாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர். அடுத்த வாரம் டிரெட்மில்லில் நடக்கவிட்டார்கள். பாதியிலேயே அம்மிக்கல் வந்து உட்கார்ந்தது, இயந்திரத்தை நிறுத்தினார்கள். மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம், ஓர் அடைப்பு, ஒரு ஸ்டென்ட். காப்பீட்டுத் தாள்களோடு அலைந்தது தனிக்கதை, அது வேண்டாம்.

அந்தக் கேள்விகளை ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டன் மருத்துவர் 1962-இல் வெளியிட்டாராம். ஓர் ஊரில் எத்தனை பேருக்கு இந்தத் தொல்லை இருக்கிறது என்று கணக்கெடுக்கச் செய்ததே தவிர, தனி ஆளுக்கு நோயை உறுதிசெய்ய அல்ல என்பதை டாக்டர் இரண்டு முறை சொன்னார். உண்மைதான். அதே முகாமில் எல்லாவற்றுக்கும் என்னைப் போலவே பதில் சொன்ன பக்கத்துத் தெருக்காரருக்கு, எல்லாச் சோதனையும் முடிந்தபின் இரைப்பைப் புண் என்று தெரிந்தது. என்மேல் அவருக்குக் கொஞ்சம் கோபம்கூட. அவரை முகாமுக்கு இழுத்துப் போனவன் நான்.

டாக்டர் படியேறலாம் என்று சொன்னபின் வந்த கிருத்திகைக்குச் சுவாமிமலை போனோம். மெதுவாகத்தான் ஏறினேன். துர்முகி வந்தபோது மனைவி படியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.