மயில் ரூமுக்குள் முட்டையிட்ட கதை

கொடைக்கானலில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை. இளங்கலைத் தமிழ் மூன்றாமாண்டுக்குச் சங்க இலக்கியம் எடுக்கிறேன். போன பருவத்தின் முதல் அகமதிப்பீட்டுத் தேர்வில் வழக்கம்போல 'குறிஞ்சித் திணையின் சிறப்புகளை விளக்குக' என்று கேட்டேன். 31 தாளும் ஒரே தாள். ஒரே கைடு, ஒரே மேற்கோள், பாதிப் பேர் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை. யாருக்கு ஞாபகசக்தி அதிகம் என்று கண்டுபிடிக்க மூன்று ராத்திரி கண்விழித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

சரி, இரண்டாம் தேர்வுக்கு வகுப்பில் நடத்தாத பாட்டு ஒன்றைக் கொடுப்போம் என்று முடிவு செய்தேன். குறுந்தொகையில் 401 பாட்டு இருக்கிறது, பாடத்திட்டத்தில் வருவது கொஞ்சம்தான். எடுத்தது கபிலரின் 38-ஆம் பாட்டு, மொத்தம் ஆறே அடி. 'கான மஞ்ஞை அறையீன் முட்டை, வெயிலாடு முசுவின் குருளை உருட்டும்' என்று தொடங்கும். பேசுவது யார், யாரிடம், எந்தச் சொல்லை வைத்து அப்படிச் சொல்கிறாய், முட்டை உருள்வதற்கு இந்தப் பாட்டில் என்ன வேலை? இவ்வளவுதான் கேள்வி. மஞ்ஞை மயில், முசு கருங்குரங்கு, குருளை குட்டி, கேண்மை நட்பு என்று அருஞ்சொற்பொருளும் கீழே போட்டேன்.

'அறை'க்குப் போடவில்லை. பாறை என்று எல்லாருக்கும் தெரியும் என நினைத்துவிட்டேன். ஒன்பது பேர் மயிலை ரூமுக்குள் முட்டையிட வைத்திருந்தார்கள். ஒருவன் லாட்ஜ் ரூம் அளவுக்கே போய்விட்டான், சீசன் ஊரில் வளர்ந்த பிள்ளை, என்ன செய்வது. சிரித்து முடித்தபின்தான் உறைத்தது, தப்பு கேள்வி எடுத்தவளுடையது. அந்தச் சொல்லுக்காக யாருக்கும் மதிப்பெண் குறைக்கவில்லை.

அப்புறம் பெயரை மறைத்து, துறையில் மூத்த ஐயா ஒருவரையும் தனியாகத் திருத்தித் தரச் சொன்னேன். பெரும்பாலும் இரண்டு மூன்று மதிப்பெண்தான் வித்தியாசம். ஐந்து தாளில் மட்டும் பெரிய இடைவெளி. அதில் ஒன்று மன்னவனூர்ப் பக்கத்துப் பெண்ணுடையது. முதல் தேர்வில் 25-க்கு 6 வாங்கியவள். வீட்டில் பூண்டுக் காட்டுக்குக் காட்டுமாடு வராமல் ராக்காவல் இருந்துவிட்டு வகுப்பில் தூங்குவாள். அவளுக்கு நான் போட்டது 19, ஐயா போட்டது 8.

அவள் எழுதியிருந்தது இது: 'குட்டி வெயிலில் விளையாடுகிறது, முட்டை உடையும் என்று அதற்குத் தெரியாது. தலைவனும் அப்படித்தான். தெரிந்த மயில் அங்கே இல்லை. அதனால்தான் தலைவி தோழியிடம் சொல்கிறாள்.'

"உரையில இப்படி இல்லையேம்மா. மயில்தான் முதல் அடியிலேயே இருக்கே" என்றார் ஐயா.

"முட்டைக்குச் சொந்தக்காரியா இருக்குங்க ஐயா, முட்டைகிட்ட இல்லை."

டீ ஆறிப்போகும்வரை வாதாடினோம். கடைசியில் ஒரு விதிக்கு ஒத்துக்கொண்டோம்: உரையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம், சொன்னதற்குப் பாட்டில் சொல் காட்டியிருக்கிறாளா என்று பார்ப்போம். 'தோழி'யைக் காட்டியிருந்தாள், 'வெயிலாடு'வைக் காட்டியிருந்தாள். ஆனால் பின்பாதியை, அதாவது பிரிவைப் பொறுத்துக்கொள்ள வல்லவர்களுக்குத்தான் அவன் நட்பு நல்லது என்று தலைவி குத்திச் சொல்கிற இடத்தை, தொடவே இல்லை. 16 போட்டோம். நான் மூன்று கூடப் போட்டது பிடித்துப்போனதால்தான் என்று அப்போது புரிந்தது.

முதல் தேர்வில் முதலாவதாக வந்த பெண்ணுக்கு இதில் 11. அழுதுகொண்டே வந்தாள். "நடத்தாததைக் கேட்டா எப்படி மேடம்? செமஸ்டர்ல 75 மார்க்குக்கும் கைடுல இருக்கிறதுதானே வரப்போகுது?" அவள் கேட்டது நியாயம். என்னிடம் பதில் இல்லை. இரண்டு தேர்வின் சராசரியைப் போடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

இந்தப் பருவத்துக்கு வேறு பாட்டு எடுத்திருக்கிறேன். கேள்வித்தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன் பிளஸ் டூ படிக்கும் மகளிடம் பாட்டைக் கொடுத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, எந்தச் சொல்லில் தடுக்குகிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டேன். நான்கு சொல். அதில் இரண்டு நான் நினைத்தே பார்க்காதவை.