330 என்று சொன்னவர்

லேடி பி குட் விமானத்தின் கதையை டி.எஃப். (ரேடியோ சிக்னல் வரும் திசையைக் கண்டுபிடிப்பது) வகுப்பில் நான் சொல்வது ஒரே காரணத்துக்காக. லூப் ஆன்டெனா, சிக்னல் எந்தக் கோட்டில் வருகிறது என்று காட்டும். கோட்டின் எந்த முனையிலிருந்து என்று காட்டாது. இன்றைய கருவிகளில் இந்தக் குழப்பம் இல்லை, ஆனாலும் பாடத்தில் இருக்கிறது. ஆன்டெனா சிக்னலை வாங்கும் விதத்தைப் பலகையில் எட்டு வடிவமாக வரைந்து விளக்கினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ஒன்பது பேர் செத்த கதையோடு சொன்னால் மறக்கமாட்டார்கள்.

1943 ஏப்ரல் 4. லிபியாவின் சொலூக் தளத்திலிருந்து நேப்பிள்ஸ் துறைமுகத்தைத் தாக்கக் கிளம்பிய அமெரிக்க பி-24 விமானங்களில் ஒன்று அது. குழுவினருக்கு அதுதான் முதல் போர்ப்பயணம். நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டு நிமிடம் ஆனபோது, திசை காட்டும் கருவி வேலை செய்யவில்லை என்று சொல்லி விமானி ஹாட்டன் ரேடியோவில் உதவி கேட்டார். பெங்காசிக்குப் பக்கத்தில் பெனினாவில் இருந்த டி.எஃப். நிலையம் 330 டிகிரி என்று பேரிங் (திசை எண்) சொன்னது. அதாவது நீ வடமேற்கில், கடலுக்கு மேலே இருக்கிறாய். விமானமோ தளத்தைத் தாண்டி, எதிர்முனையில், 150 டிகிரிப் பக்கம், பாலைவனத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. சுமார் இரண்டு மணி நேரம் கழித்து, எரிபொருள் தீரும் நேரத்தில், எல்லோரும் பாராசூட்டில் குதித்தார்கள்.

பெனினாவில் உட்கார்ந்திருந்தவர்மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. மேப்பை எடுத்துப் பாருங்கள், பெங்காசியிலிருந்து நேப்பிள்ஸ் இருக்கும் திசையே ஏறக்குறைய 330தான். வரவேண்டிய திசையிலிருந்து வரவேண்டிய எண் வந்தது. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

போன பேட்ச்சில் ஒரு பெண் கேட்டாள்: “330 இல்லன்னா 150ன்னு ரெண்டையும் சொல்லியிருக்கலாமே சார்?”

“ராத்திரி நேரம், தனியா வர்ற பைலட்டுக்கு ரெண்டு பதில் குடுக்கக் கூடாதும்மா. ஒண்ணைச் சொல்லு, உறுதியாச் சொல்லு” என்றேன். வகுப்பே அதை நோட்டில் எழுதிக்கொண்டது.

அவள் விடவில்லை. சரி, சந்தேகத்தைத் தீர்க்க வழி உண்டு என்று பலகையில் போட்டுக் காட்டினேன். விமானத்தை 060 டிகிரிக்கு, அதாவது வடகிழக்குப் பக்கம், திரும்பிச் சில நிமிடம் பறக்கச் சொல்ல வேண்டும். உண்மையிலேயே கடல் பக்கம் இருந்தால் 330 மெல்ல 340-ஐ நோக்கி ஏறும். பாலைவனப் பக்கம் இருந்தால் 320-ஐ நோக்கி இறங்கும். அவ்வளவுதான்.

“அப்போ திரும்பச் சொல்லியிருக்கலாமே?”

திரும்பச் சொல்ல முதலில் சந்தேகம் வரவேண்டும். எதிர்பார்த்த எண்ணே வந்து நிற்கும்போது யாருக்குச் சந்தேகம் வரும்? இதை அவளிடம் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது என்பது காரணமில்லை. அதைச் சொன்னால் கொஞ்சம் முன்னால் நான் கொடுத்த பதில் என்ன ஆகும் என்று தோன்றியது.

அந்த எண் அதோடு நிற்கவும் இல்லை. தேடப் போனவர்கள் கடலில்தான் தேடினார்கள். 1958-ல் எண்ணெய் தேடிப் போனவர்கள் கண்ணில் படும்வரை விமானம் கடற்கரையிலிருந்து 700 கிலோமீட்டர் உள்ளே மணலில் கிடந்தது. அதன் ரேடியோ அப்போதும் வேலை செய்தது. ஒருவர் குதித்தபோதே இறந்துவிட்டார். மீதி எட்டுப் பேர் அரைப் புட்டித் தண்ணீரோடு வடக்கே நடந்தார்கள். துணை விமானி டோனரின் டைரி ஏப்ரல் 12 வரை போகிறது. ஐந்து பேரின் உடல்கள் ஒரே இடத்தில் கிடைத்தன, குதித்த இடத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். அவ்வளவு தூரம் நடந்த கால்களைப் பற்றி யோசிக்கும்போது என் நியாயமெல்லாம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. விமானத்திலேயே நேவிகேட்டர் இருந்தார், கடிகாரம் இருந்தது, பழியெல்லாம் தரையில் இருந்தவருக்கா என்று உடனே பதிலும் வந்துவிடுகிறது.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவரிடம் பேசினேன். “ஒவ்வொரு பேரிங்குக்கும் சந்தேகப்பட்டா ஷிப்ட்டை எப்படிய்யா ஓட்டுறது?” என்றார். அதுவும் சரிதான்.

அப்புறம் சிமுலேட்டர் பயிற்சியில் அதே பெண் பேரிங் சொல்லத் தயங்கினாள். விமானியாகப் பேசியவர் இரண்டாம் முறை கேட்டார். “ஒண்ணைச் சொல்லும்மா” என்று என் வாயில் தானாக வந்தது. சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள்.